சந்தேகப்பட்ட சீடரின் மலை

வண்டலூரில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டால் ஒன்பதாவது ஸ்டேஷன் பரங்கிமலை. சுமார் முந்நூறு அடி உயரமுள்ள சிறு குன்று. உச்சியில் ஒரு மாதா கோயில். ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் தினந்தோறும் அதைக் கடந்து செல்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். 'பரங்கியர்' எனப்பட்ட போர்ச்சுகீசியரின் தொடர்பால் தமிழில் அது பரங்கிமலை ஆயிற்று. கிறிஸ்தவர்களுக்கோ அது புனித தோமையார் மலை.

ஈஸ்டர் பண்டிகை நெருங்கும் நாட்களில் இந்தப் பெயரைக் கேட்டால் சற்று நின்று யோசிக்கத் தோன்றும். இயேசுநாதருக்குப் பன்னிரண்டு சீடர்கள் உண்டு. அவர்களில் மற்றவர்கள் எல்லாரும் குருநாதர் உயிர்த்தெழுந்துவிட்டார் என்று ஆனந்தக் கூத்தாடியபோது, "தொட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன்" என்ற கருத்தில் பிடிவாதமாக நின்றவர் ஒருவர்தான். அவர்தான் தோமையார். விசுவாசப் பண்டிகையின் கதையிலே அவிசுவாசி என்று பெயர் வாங்கியவர்! அந்த மனிதரின் பெயரைத்தான் சென்னைக்குத் தெற்கே இருக்கும் இந்தக் குன்று சுமந்து நிற்கிறது.

எட்டு நாள்

கதை கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்ததே. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லலாம். வெள்ளிக்கிழமையன்று இயேசுநாதர் சிலுவையில் அறையுண்டு மரித்தார். ஞாயிறு அதிகாலையில் கல்லறைக்குப் போன பெண்கள் அது வெறுமையாக இருக்கக் கண்டார்கள். அன்று மாலை சீடர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு வீட்டில் கூடியிருந்தபோது இயேசு அவர்கள் நடுவில் வந்து நின்றார். அந்தச் சமயத்தில் தோமையார் அங்கே இல்லை. எங்கே போயிருந்தார், ஏன் போனார் என்று யோவான் எழுதிய சுவிசேஷம் சொல்லவில்லை. திரும்பி வந்தவரிடம் பத்துப் பேரும் செய்தியைச் சொன்னார்கள். அவரோ, ஆணி பாய்ந்த கைகளைக் கண்ணால் பார்த்து, காயத்திலே விரலை இட்டு, விலாவிலே கையை வைத்துப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்.

இதற்காக இரண்டாயிரம் ஆண்டுகளாக அவருக்கு 'சந்தேகத் தோமா' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் இந்தப் பட்டம் சற்று அதிகம்தான். பெண்கள் ஓடிவந்து கல்லறை வெறுமையாய் இருக்கிறது என்று சொன்னபோது மற்றச் சீடர்களும் அதை வீண் பேச்சென்றுதான் தள்ளினார்கள். லூக்காவின் சுவிசேஷத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவர்கள் கண்ணால் கண்டபிறகு நம்பினார்கள். தோமையாரும் அதைத்தானே கேட்டார்?

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. சில நாட்களுக்கு முன், எருசலேமுக்கு அருகிலுள்ள பெத்தானியாவுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று எல்லாரும் தயங்கிய வேளையில், நாமும் போய் அவரோடு சாவோம் என்று துணிந்து சொன்னவர் இதே தோமையார்தான். அவ்வளவு அன்பு வைத்தவர், குருநாதர் கொல்லப்பட்டபோது ஒன்றும் செய்ய முடியாமல் நின்றார். அப்படிப்பட்டவரிடம் போய், "கவலைப்படாதே, அவர் பிழைத்துவிட்டார்" என்று சொன்னால் உடனே நம்பிவிடுவாரா? சென்ற வருஷம் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு இந்த வருஷம் ஈஸ்டர் ஆராதனைக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். பாட்டும் மலர்களும் மெழுகுவர்த்திகளும் சுற்றிலும் நிறைந்திருக்கும். அவர்கள் மனம் மட்டும் கல்லறையண்டையிலேயே இருக்கும். தோமையாரின் பிடிவாதத்தில் பாதி அறிவு என்றால், பாதி துக்கம்.

எட்டு நாட்கள் கழிந்தன. இங்கே கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம்பாதவரைப் பத்துப் பேரும் வெளியே அனுப்பிவிடவில்லை. நம்ப முடியாதவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. எட்டு நாளும் ஒரே கூட்டத்தில்தான் இருந்திருக்கிறார்கள். மறுபடியும் பூட்டிய கதவுக்குள் இயேசு வந்தார். யாரும் சொல்லாமலே தோமையாரை அழைத்துக் காயங்களைக் காட்டினார். தோமையார் அவரைத் தம் ஆண்டவராகவும் கடவுளாகவும் அறிக்கையிட்டார். காணாமல் விசுவாசிப்பவர்களே பாக்கியவான்கள் என்ற பொருளில் இயேசு மொழிந்தது அப்போதுதான்.

தோமையார் உண்மையில் விரலை இட்டுப் பார்த்தாரா? சுவிசேஷத்தில் அந்தச் செய்தி இல்லை! இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீட்டிய புகழ்பெற்ற சித்திரத்தில், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தோமையார் காயத்துக்குள் விரலை நுழைப்பதாக இருக்கிறது. ஜெர்மனியில் பாட்ஸ்டாம் நகரத்து அரண்மனையில் உள்ள அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வேறு விதமாக நினைக்கவே முடியாது. ஆனால் அழைப்பு வந்ததும் தொடவேண்டிய அவசியமே இல்லாமல் போயிருக்கலாம் என்று கருதும் வேதபண்டிதர்களும் இருக்கிறார்கள்.

எப்படியானாலும் ஒன்று நிச்சயம். உயிர்த்தெழுந்த உடலிலும் காயங்கள் மறையவில்லை. ஈஸ்டருக்கு முந்திய இரவு கத்தோலிக்கக் கோயில்களில் புது நெருப்பு உண்டாக்கி, பாஸ்கா மெழுகுதிரி என்ற பெரிய திரியை ஏற்றுவார்கள். அதன்மேல் சாம்பிராணி மணிகள் ஐந்தைச் சிலுவை வடிவில் பதித்திருப்பார்கள். அவை ஐந்து காயங்கள். வெற்றியின் விளக்கிலேகூடக் காயத்தை மறைத்துவைக்கவில்லை.

தச்சராக வந்தவர்

இந்தத் தோமையார் இந்தியாவுக்கு வந்த கதை மிகப் பழையது. 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமாவின் நடபடிகள்' என்ற நூல் அதைச் சுவைபடச் சொல்கிறது. சீடர்கள் சீட்டுப் போட்டு உலகத்தைப் பங்கிட்டுக்கொண்டபோது தோமையாருக்கு இந்தியா விழுந்ததாம். "என்னால் ஆகாது, உடம்புக்கு முடியாது, எபிரெயனாகிய நான் இந்தியருக்கு என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்ற பாணியில் அவர் மறுத்துவிட்டாராம். கடைசியில் ஒரு வியாபாரியிடம் அடிமைத் தச்சராக விற்கப்பட்டு வந்து சேர்ந்தாராம். கொண்டபரஸ் என்ற அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உமக்கு அரண்மனை மோட்சத்தில் கட்டியாயிற்று என்று சொன்னாராம்!

வெறும் கட்டுக்கதை என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு எல்லைப் பிரதேசத்தில் கொண்டபரஸின் நாணயங்கள் அகப்பட்டன. அப்படி ஓர் அரசன் தோமையார் காலத்தில் இருந்தது ருசுவாயிற்று. அதனால் தோமையார் வந்ததும் ருசுவாகிவிடுமா என்றால், ஆகாது. கி.பி. 52-இல் கொடுங்கல்லூர்த் துறையில் இறங்கி, 72-இல் மயிலாப்பூர்ப் பக்கத்தில் உயிர்நீத்தார் என்பது கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிவழியாகக் காத்துவரும் பாரம்பரியம். சரித்திர ஆசிரியர்களில் ஒரு சாரார் ஏற்கிறார்கள்; ஒரு சாரார் கல்வெட்டு எங்கே, ஏடு எங்கே என்று கேட்கிறார்கள். சாட்சியத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டோம் என்கிறார்கள். தோமையார் இருந்தால் அவர்களிடம் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றே தோன்றுகிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோவின் குறிப்பில் தோமையாரின் கல்லறை வருகிறது. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வந்தார்களாம். அந்த இடத்து மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்களாம். அவர் கேட்டறிந்த கதைப்படி, மயில்கள் சூழப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த தோமையார்மேல், மயிலை நோக்கி ஒரு வேடன் விட்ட அம்பு தவறிப் பாய்ந்ததாம். பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு மாண்டார் என்பது இங்குள்ள ஐதீகம். ஆனாலும் மயிலையின் கதைக்குள் மயில் நுழைந்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது!

மயிலாப்பூர் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வரும். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையை, அவள் எலும்பும் சாம்பலும் வைத்திருந்த குடத்திலிருந்து திருஞானசம்பந்தர் உயிரோடு எழுப்பியதாகப் பெரியபுராணம் கூறுவதும் இதே ஊரில்தான். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில், அறுபத்து மூவர் உற்சவத்தன்று அது நடித்துக் காட்டப்படுகிறது. மார்ச் 21-ஆம் தேதியன்றோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர். ஆகவே பல ஆண்டுகளில் பங்குனி உத்திரத்துக்கும் ஈஸ்டருக்கும் ஒரே முழுநிலாதான் கணக்கு. ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துக் குழப்ப வேண்டியதில்லை; இரண்டின் பொருளும் வேறு. என்றாலும், போன உயிர் திரும்பாதா என்ற ஏக்கம் ஒரு மதத்தாருக்கு மட்டும் சொந்தமானதல்லவே.

கல்லில் எழுந்த சிலுவை

மலைமேல் இப்போதுள்ள கோயிலைப் போர்ச்சுகீசியர் எழுப்பியது 1523-இல். 1547-இல் அங்கே அஸ்திவாரம் தோண்டியபோது மண்ணுக்கடியிலிருந்து ஒரு கருங்கல் பலகை வெளிவந்தது. அதில் ஒரு சிலுவை செதுக்கப்பட்டிருந்தது. மேலே இறங்கிவரும் ஒரு புறா. கீழே தாமரை இதழ்போல் விரியும் வேலைப்பாடு. சுற்றிலும் வளைவாக யாருக்கும் புரியாத எழுத்துக்கள். தோமையாரே தம் கையால் செதுக்கியது என்று பக்தர்கள் கொண்டாடினார்கள். 1558-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி பூசை நடந்துகொண்டிருந்தபோது அந்தக் கல்லில் இரத்தம் வியர்த்ததாகவும், பிறகு பலமுறை அவ்வாறு நிகழ்ந்து 1704-உடன் நின்றுபோனதாகவும் கோயில் வரலாறு கூறுகிறது.

எழுத்துக்களின் மர்மத்தை அவிழ்த்தவர் பர்னெல் என்ற ஆங்கிலேய சிவில் அதிகாரி. அது பஹ்லவி எழுத்து, அதாவது பழைய பாரசீகம், என்று 1873-இல் அவர் எடுத்துக் காட்டினார். காலம் 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு என்று மதிப்பிட்டார். ஆக, தோமையார் செதுக்கியதல்ல. அவர் பெயரைத் தேடி வந்தவர்கள் செதுக்கியது. வாசகத்தின் பொருளைப் பற்றி அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அதைச் செதுக்கிய ஒரு சிரியன் கிறிஸ்தவர் தமக்கு இரக்கம் காட்டும்படி கிறிஸ்துவை வேண்டும் பிரார்த்தனை என்பது அவற்றுள் பலர் ஏற்கும் ஒன்று. ஊர் பேர் தெரியாத சிற்பியின் வேண்டுதல் எத்தனையோ நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து, பீடத்தின்மேல் ஏறிவிட்டது.

அந்தச் சிலுவையில் இயேசுவின் உடல் இல்லை. ஐரோப்பியக் கோயில்களில் காண்பதுபோல் தொங்கும் தலையோ, முள்முடியோ கிடையாது. முனைகள் மொட்டவிழ்ந்தாற்போல் இருக்கின்றன. பெரிய வெள்ளியின் சிலுவை அல்ல இது, ஈஸ்டர் ஞாயிற்றின் சிலுவை என்று இதற்கு விளக்கம் கூறுவதுண்டு. கோட்டயத்தில் வலியபள்ளியிலும் இதே மாதிரி சிலுவைகளைக் காணலாம்.

மலைமேல் ஏற நூற்றறுபது படிகள். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி தம் செலவில் கட்டிவைத்தவை. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே 1726-இல் பாலம் கட்டிக் கொடுத்தவரும் இவர்தான். தவக்காலத்தில் சிலுவைப்பாதைத் தியானம் செய்துகொண்டு இந்தப் படிகளில் ஏறுகிறவர்கள் பலர். 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் இம்மலைக்கு வந்து பிரார்த்தித்தார்.

சந்தேகத்துக்கும் இம்மலைக்கும் உள்ள உறவு வேறொரு விதத்திலும் தொடர்ந்தது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய நாள், வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி இம்மலையருகிலிருந்து தெற்கு நோக்கி ஏழரை மைல் தூரத்துக்கு ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலிதான் கருவி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், வேண்டாம் என்று திரும்பிவந்த சங்கிலி அது! வெயிலில் எஃகு நீளுமே என்று அதை நிழலில் வைத்து, அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். அந்தக் கோட்டின்மேல் எழுந்ததே இந்தியாவின் மகா முக்கோண அளவை. எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டுச் சொன்னதும் அதுவே. பார்த்தால் போதாது, அளந்தால்தான் நம்புவேன் என்றவர்களுக்கும் இந்த மலைதான் துணை நின்றது.

காயத்தைத் தொட்டவர்கள்

பரங்கிமலைக்கும் வண்டலூருக்கும் நடுவே அதே ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷனுக்கு விநோதமான பெயர்: தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே க்ஷயரோக ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்திப் பெயர் பெற்றவர் அவர். கணித மேதை ராமானுஜன் நோயுற்றபோது சில காலம் அவரிடம் சிகிச்சைக்குச் சென்றிருந்தார்.

க்ஷயத்துக்கு அப்போது மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல்தான். சுத்தமான காற்று, சூரிய வெளிச்சம், ஓய்வு, நல்ல சாப்பாடு - இவ்வளவே வைத்தியம். இருமுகிறவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டார்கூடப் போகமாட்டார்கள். தட்டு தனி, டம்ளர் தனி; பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாது. அந்த நாளில் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். 1937-இல் ஆஸ்பத்திரியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. மருந்துகள் வந்தபின், 1956-இல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பதுபோலவே குணமாகும் என்று மெய்ப்பித்தது. அப்படி வீட்டில் இருப்பதால் குடும்பத்தாருக்குத் தனியாக அபாயம் கூடுவதில்லை என்பதும் தெரிந்தது. உலகமெங்கும் க்ஷயரோக சிகிச்சையின் போக்கையே அந்த ஆராய்ச்சி மாற்றியது.

1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி பரவியிருப்பதைச் சென்னையில் கண்டறிந்தார்கள். மறுபடியும் அதே பயம், அதே ஒதுக்கல். தொண்ணூறுகளில் இந்நோயாளிகளுக்குக் கதவு திறந்த ஆஸ்பத்திரிகளில் முன்னணியில் நின்றது தாம்பரம் சானடோரியம். வெளியூர்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் தேடி வந்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் எல்லா மதத்தினரும்தான். இதை ஒரு மதத்தின் கணக்கில் எழுதுவது சரியல்ல. ஆனால் ஈஸ்டர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, காயத்தில் கை வைத்துப் பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னது வெறும் சந்தேகமாக மட்டும் படாது. காயத்தைப் பாராமல், "எல்லாம் சரியாகிவிடும்" என்று தூரத்தில் நின்று சொல்கிற நம்பிக்கையைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்த ஞாயிறு

ஈஸ்டரன்று விடியுமுன்பே தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் கோயில் மணிகள் ஒலிக்கத் தொடங்கிவிடும். நாற்பது நாள் நோன்பு முடிந்து, புதுத்துணி உடுத்தி, குழந்தைகளையும் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். வீடுகளில் அன்று விருந்து. கொண்டாட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் அதற்கு அடுத்த ஞாயிறுதான் தோமையாருக்கு உரியது. கத்தோலிக்கக் கோயில்களில் அன்று வாசிக்கப்படுவது அவருடைய கதையே. கேரளத்தில் அதைப் 'புது ஞாயிறு' என்பார்கள். தோமையார் தங்கிப் பிரார்த்தித்தார் எனப்படும் மலையாற்றூர் மலைக்கு அன்று மரச்சிலுவைகளைத் தோளில் சுமந்துகொண்டு திரள்திரளாக ஏறுவார்கள். ஈஸ்டரன்று நம்ப முடியாமல் போனவர்களுக்காகவே சபை எட்டு நாள் பொறுத்திருந்து இன்னொரு பண்டிகை வைத்ததுபோல் இருக்கிறது.

பரங்கிமலைக் கோயில் தோமையார் பெயரில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. மலைதான் அவருடையது. கோயில், பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் தேவமாதாவுக்கு உரியது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முந்தி, டிசம்பர் 18-இல் அதன் திருநாள். தேவமாதா குழந்தையோடு இருக்கும் மிகப் பழைய படம் ஒன்று அங்கே இருக்கிறது. சுவிசேஷம் எழுதிய லூக்கா தீட்டியது, தோமையார் கையோடு கொண்டுவந்தது என்று சொல்வார்கள். குழந்தை வரம் வேண்டி வருகிறவர்களும், நிறைமாதத்தில் சுகப்பிரசவம் வேண்டி வருகிறவர்களும் அதன்முன் முழந்தாளிட்டுப் பிரார்த்திக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் உண்டு. பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தால், ஒரு பக்கம் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதும், கீழே ரயில்கள் தாம்பரத்தையும் வண்டலூரையும் நோக்கி ஓடுவதும் தெரியும். படி இறங்குவதற்குமுன் கொஞ்ச நேரம் மரநிழலில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்கள்.